வீட்டுத் தோட்டத்தில் வெற்றிலைக் கொடி: முதன்முறை வளர்ப்பவர்களுக்கு

வெற்றிலைக் கொடியை வீட்டில் வைத்து இழந்தவர்களிடம் காரணம் கேட்டால், சிலர் வெயிலைச் சொல்வார்கள், சிலர் கைராசியைச் சொல்வார்கள். நான் பார்த்த அளவில், வீடுகளில் பட்டுப்போன கொடிகளில் பெரும்பாலானவை வேரடியில் தண்ணீர் தேங்கி அழுகியவைதாம். அன்புடன் நாள்தோறும் இரு வேளை நீர் ஊற்றியவர்களின் கொடிகளே முதலில் போயின. நான் வைத்த முதல் கொடியும் அப்படித்தான் போயிற்று. இந்தக் கொடிக்கு ஈரம் எப்போதும் வேண்டும், ஆனால் நீர் ஒரு நாளும் நிற்கக் கூடாது. இடம் தேர்வது முதல் இலை கிள்ளுவது வரை எல்லாவற்றையும் இந்த ஒன்றை மனத்தில் வைத்தே முடிவு செய்ய வேண்டும்.

கொடிக்காலை, அதாவது வெற்றிலைத் தோட்டத்தை, நேரில் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். தாமிரபரணி பாயும் ஆத்தூரிலும், வைகைக் கரையில் உள்ள சோழவந்தானிலும், காவிரிப் பாசனம் பெறும் கும்பகோணம் வட்டாரத்திலும் கொடியைச் சமதரையில் நடுவதில்லை. மண்ணை மேடாக அணைத்துப் பாத்தி கட்டி, பாத்திகளுக்கு இடையே வாய்க்கால் வெட்டி, அந்த வாய்க்காலில் நீரை விட்டு, மேட்டில் உள்ள வேர் ஈரத்தை மட்டும் உறிஞ்சிக்கொள்ளும்படி செய்திருப்பார்கள். மேலே அகத்தி நிழல் தரும். ஆத்தூர், சோழவந்தான் வெற்றிலைகளுக்கு 2023ஆம் ஆண்டிலும், கும்பகோணம் வெற்றிலைக்கு 2025ஆம் ஆண்டிலும் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த இலைகளின் மணத்துக்கு மண்ணும் நீரும் எவ்வளவு காரணமோ, அவ்வளவு காரணம் இந்த மேட்டுப்பாத்தி முறையும் என்பது என் எண்ணம். வீட்டில் நாம் செய்ய வேண்டியது இதே ஏற்பாட்டைச் சிறிய அளவில் அமைப்பதுதான்.

முதலில் நாற்று. வெற்றிலையை விதை போட்டு வளர்ப்பதில்லை; கொடியைத் துண்டு போட்டே பெருக்குகிறார்கள். கடையில் வாங்கிய வெற்றிலையின் காம்பைத் தண்ணீரில் வைத்தால் வேர் விடும் என்று காட்டும் காணொளிகள் நிறைய உலவுகின்றன. வேர் விடுவது உண்மைதான். ஆனால் புதிய தளிர் எழுவதற்கான மொட்டு கணுவில்தான் இருக்கிறது, இலைக் காம்பில் இல்லை. ஆகவே அந்த இலை மாதக்கணக்கில் பசுமையாக நின்றுவிட்டு, கொடியாகாமலே பழுத்து உதிர்ந்துவிடும். அக்கம்பக்கத்தில் கொடி வைத்திருப்பவரிடம் ஓராண்டு வளர்ந்த கொடியின் மேற்பகுதியிலோ நடுப்பகுதியிலோ நான்கைந்து கணுக்கள் உள்ள துண்டைக் கேட்டு வாங்குங்கள். கணுக்களில் சிறு பற்றுவேர்கள் புடைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அத்தகைய துண்டு விரைவில் வேர் பிடித்து, தானாகப் பற்றி ஏறும். பற்றுவேர் இல்லாத பக்கக்கிளையைத் துண்டாக்கி வைத்தால் புதர் போலப் படர்ந்து நின்றுவிடக்கூடும். நாற்றுப் பண்ணையில் வாங்குவதானால் ஓர் இலையைக் கசக்கி முகர்ந்து பார்ப்பது நல்லது, ஏனெனில் மிளகுக் கொடியும் இதே குடும்பத்தைச் சேர்ந்தது, இளம் பருவத்தில் இரண்டின் இலையும் பார்வைக்கு ஒத்திருக்கும். காரம் குறைந்த, மென்மையான இலை வேண்டுமென்றால் கற்பூரி வகையைக் கேளுங்கள்; வீட்டுக்கு அதுவே போதும்.

நடும் காலத்தைப் பொறுத்தவரை, கோடையின் உச்சத்தையும் ஐப்பசி, கார்த்திகை அடைமழையையும் தவிர்க்க வேண்டும். ஆடி பிற்பகுதியிலோ ஆவணியிலோ நட்டால், வடகிழக்குப் பருவமழை வலுப்பதற்குள் கொடி வேர் பிடித்துக்கொள்ளப் போதிய நாட்கள் கிடைக்கும். இடமும் அதே அளவு முக்கியம். காலை வெயில் இரண்டு மூன்று மணி நேரம் பட்டு, உச்சி வெயில் மறையும் இடம் மிகவும் ஏற்றது. கிணற்றடி, வாழையடி, தென்னை மரத்தின் கிழக்குப் பக்கம் ஆகியவை பொருந்தும். மொட்டை மாடியில் வைப்பவர்கள் நிழல் வலை கட்டாமல் வைக்கவே கூடாது, ஏனென்றால் மேலிருந்து வரும் வெயிலோடு தளத்திலிருந்து எழும் அனலும் சேர்ந்து இலையைக் கருக்கிவிடும். வறண்ட காற்று அடிக்கும் மூலையும் ஆகாது.

தரையில் நடுவதானால் ஒன்றரை அடி அகல, ஆழத்துக்குக் குழி எடுத்து, மேல்மண்ணோடு மக்கிய தொழுவுரமும் கொஞ்சம் வேப்பம் பிண்ணாக்கும் கலந்து நிரப்பி, சுற்றுத் தரையைவிட அரை அடி உயரமாக மேடாக்குங்கள். தொட்டி என்றால் 20 லிட்டருக்குக் குறையாத கொள்ளளவு வேண்டும். செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மக்கிய உரம் ஒரு பங்கு என்று கலந்தால் நீர் நன்றாக இறங்கும். தொட்டியின் அடித்துளைகள் அடைபடாமல் இருக்க அதை இரண்டு செங்கற்களின் மேல் தூக்கி வையுங்கள். அடியில் தட்டு வைத்து அதில் நீரைத் தேக்குவது வேரழுகலை நாமே அழைத்து வருவதற்குச் சமம். துண்டின் இரண்டு கணுக்கள் மண்ணுக்குள்ளும் மீதி வெளியிலும் இருக்குமாறு சற்றுச் சாய்வாக நட்டு, மண்ணை விரல்களால் அழுத்தி, முதல் இரண்டு வாரங்களுக்குத் தென்னை ஓலையாலோ பழைய துணியாலோ நிழல் கட்டுங்கள். முதலில் இருந்த இலைகள் பழுத்து விழுந்தால் கலங்க வேண்டாம். தண்டு பச்சையாக இருக்கும் வரை கணுவிலிருந்து தளிர் வரும்.

கொடி ஏறுவதற்குப் பற்றுக்கால் வேண்டும். தரையில் இடமுள்ளவர்கள், கொடி நடுவதற்கு ஒன்றரை மாதம் முன்பே அகத்தி விதையைப் போட்டுவிட்டால், கொடிக்கு நிழலும் பிடிமானமும், வீட்டுக்குக் கீரையும் கிடைக்கும். ஏற்கெனவே நிற்கும் முருங்கையோ கல்யாண முருங்கையோ தென்னையோ இருந்தால் அதன் அடியிலிருந்து இரண்டடி தள்ளி நட்டு, கொடியை மரத்துக்குக் கொண்டுசெல்லலாம். தொட்டியில் வைப்பவர்கள் தேங்காய் நார் சுற்றிய கம்பை நட்டு, அந்த நாரை அவ்வப்போது நனைத்து வந்தால் பற்றுவேர்கள் அதில் நன்றாக இறங்கும். கொடி நீள நீள, ஒரு சாண் இடைவெளியில் வாழை நாரால் தளர்வாகக் கட்டுங்கள். பிளாஸ்டிக் கயிறும் கம்பியும் தண்டு பருக்கும்போது அறுத்துவிடும். வாழை நாரோ தன் வேலை முடிந்ததும் தானே மக்கி உதிர்ந்துவிடும். கொடிக்காலில் பரம்பரையாக உழைப்பவர்கள் அதை விடாமல் பயன்படுத்துவது இதனால்தான்.

தண்ணீரைக் கடிகாரம் பார்த்து ஊற்றாதீர்கள். விரலை ஓர் அங்குலம் மண்ணில் விட்டுப் பார்த்து, ஈரம் ஒட்டினால் அன்று நீர் ஊற்ற வேண்டாம். உலர்ந்திருந்தால் அடித்துளை வழியே கசியும் வரை ஊற்றுங்கள். உப்பு மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீர் இந்தக் கொடிக்கு ஆகாது. இலையின் ஓரம் பழுப்பாகிக் காய்ந்து வந்தால் முதலில் நீரைச் சந்தேகியுங்கள். மழை நீரைச் சேமித்து வைத்திருந்தால் அதைக் கொடுப்பது சிறந்தது. மண்ணின் மேல் காய்ந்த இலைகளால் மூடாக்கு இட்டால் கோடையில் பாதி வேலை குறையும். உரமாக மாதம் ஒரு முறை இரண்டு கைப்பிடி மக்கிய தொழுவுரமோ ஆட்டெருவோ போதுமானது. யூரியாவை அள்ளிப் போட்டால் இலை பெரிதாகும். ஆனால் அந்த இலை நோய்க்கு எளிதில் இடம் கொடுக்கும்.

நோய்களில் அஞ்ச வேண்டியது வாடல் நோய் ஒன்றுதான். மண் ஈரமாக இருக்கும்போதே இலைகள் தொங்கிப்போவதும், தண்டின் அடிப்பகுதி கறுத்து மென்மையாவதும் அதன் அடையாளம். வாடுகிறதே என்று மேலும் நீர் ஊற்றுவதுதான் அந்த வேளையில் பலரும் செய்யும் தவறு. உடனே நீரை நிறுத்தி, மேலே நலமாக உள்ள பகுதியை வெட்டி எடுத்து, புதிய மண்ணில் வேறு தொட்டியில் நடுங்கள். பழைய மண்ணில் மீண்டும் வெற்றிலை வைக்கக் கூடாது. நோய் வருமுன் காக்க, மழைக்காலத்துக்கு முன்பே ஒரு கிலோ தொழுவுரத்தில் 50 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி என்னும் நன்மை செய்யும் பூஞ்சாணத் தூளைக் கலந்து வேரடியில் இடலாம். மாவுப்பூச்சியும் செதில் பூச்சியும் வந்தால் ஈரத் துணியால் துடைத்துவிட்டு, லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் சில துளி சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளியுங்கள். வாயில் இடும் இலை என்பதால் வீட்டுக் கொடியில் இரசாயனப் பூச்சிக்கொல்லி வேண்டவே வேண்டாம். வேப்பெண்ணெய் தெளித்தாலும் ஒரு வாரம் கழித்து, நன்றாகக் கழுவியே பயன்படுத்துங்கள்.

கொடி ஆளுயரத்தை எட்ட மூன்று முதல் ஆறு மாதங்கள் ஆகும். அதுவரை இலை பறிக்காமல் பொறுத்திருங்கள். பிறகு கீழிருந்து மேலாக, முற்றிய இலைகளைக் காம்போடு கட்டை விரல் நகத்தால் கிள்ளி எடுக்கலாம். நுனியில் உள்ள ஏழெட்டு இலைகளைத் தொட வேண்டாம். பறித்த இலையை ஈரத் துணியில் சுற்றி வைத்தால் சில நாட்கள் வாடாது. ரசத்திலும் கஷாயத்திலும் சேர்க்கவும், சாப்பிட்ட பின் வெறும் இலையாக மெல்லவும் இது உதவும். பாக்கு புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்பது உறுதிப்பட்டிருப்பதால், வீட்டில் கொடி இருக்கிறது என்பதற்காகப் பாக்கும் புகையிலையும் சேர்த்துத் தாம்பூலம் போடும் பழக்கத்தைத் தொடங்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஓராண்டுக்குள் கொடி கைக்கு எட்டாத உயரம் போய், அடித்தண்டு இலையின்றி நிற்கும், இலையும் சிறுத்துவிடும். அப்போது நார்க்கட்டுகளை அவிழ்த்து, கொடியை ஒடியாமல் கீழே இறக்கி, இலையற்ற தண்டை வேரடியிலேயே வளையமாகச் சுற்றி இரண்டு அங்குல மண்ணால் மூடி, நுனியை மட்டும் மீண்டும் பற்றுக்காலில் ஏற்றிக் கட்டுங்கள். இறக்குவதற்கு முந்தைய நாள் நீர் விடாமல் இருந்தால் தண்டு துவண்டு வளைந்து கொடுக்கும். புதைந்த கணுக்கள் ஒவ்வொன்றும் புது வேர் விட, சில வாரங்களில் கொடி இளங்கொடிபோல் பெரிய இலைகளைத் தரத் தொடங்கும். மண்ணில் இடம் போதாமல் மிஞ்சும் தண்டைத் துண்டுகளாக்கி வைத்தால், கொடி கேட்டு வரும் அடுத்த வீட்டாருக்குக் கொடுக்கலாம்.