பிரஷர் வாஷர் வாங்கும் முன் குழாயடியில் ஒரு சோதனை

காரைக் கழுவவும், மழைக்காலம் முடிந்ததும் போர்ட்டிகோவிலும் மொட்டைமாடியிலும் படிந்திருக்கும் கரும்பாசியை எடுக்கவும் நீரை மிகுந்த அழுத்தத்தில் பீய்ச்சும் பிரஷர் வாஷர் ஒன்றை வாங்கலாம் என்று எண்ணுகிறவர்கள், பெட்டியின் மேல் பெரிதாக அச்சிட்டிருக்கும் 'பார்' என்ற அழுத்த எண்ணைத்தான் முதலில் பார்க்கிறார்கள். நானும் அப்படித்தான் பார்த்தேன். 200 பார் என்று போட்டிருந்த ஒரு கருவியை வாங்கி வந்து, மேல்நிலைத் தொட்டியிலிருந்து இறங்கும் அரை அங்குலக் குழாயில் மாட்டியபோது, அது பத்து நொடி சீறுவதும் ஐந்து நொடி இருமுவதுமாக ஓடியது. குற்றத்தில் பாதி கருவியுடையது. மறுபாதி என் வீட்டுக் குழாயுடையது என்பது பிறகுதான் விளங்கியது.

ஆகவே கடைக்குப் போகும் முன் குழாயடிக்குப் போங்கள். கருவியை மாட்டப்போகும் குழாயை முழுவதும் திறந்து, 10 லிட்டர் வாளி நிரம்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். வீட்டு உபயோகக் கருவிகள் பொதுவாக நிமிடத்துக்கு 5 முதல் 7 லிட்டர் வரை குடிப்பவை. வாளி ஒரு நிமிடத்துக்குள் நிரம்பினால் கவலை இல்லை. ஒன்றரை நிமிடத்தைத் தாண்டினால், பம்பு கேட்கும் நீரைக் குழாயால் கொடுக்க முடியாது. நீருக்குப் பதில் காற்றை இழுத்து, உள்ளே குமிழிகள் உடைந்து உடைந்து, பம்பின் சீல்களும் வால்வுகளும் சீக்கிரமே பாழாகும். நம் ஊர்த் தனி வீடுகளில் தொட்டிக்கும் தரைக்கும் உள்ள உயரம் நான்கைந்து மீட்டர்தான் என்பதாலும், பத்து மீட்டர் உயர நீருக்குத்தான் ஏறத்தாழ ஒரு பார் அழுத்தம் கிடைக்கும் என்பதாலும், நமக்குக் குழாயில் கிடைப்பது அரை பாருக்கும் குறைவு. எனவே வாளியிலிருந்தோ டிரம்மிலிருந்தோ தானே நீரை உறிஞ்சிக்கொள்ளும் வசதி உள்ள கருவியாக வாங்குவதே நமக்குப் பொருந்தும். அப்போதும் டிரம்மைத் தரையில் வைக்காமல் ஒரு ஸ்டூலின் மேல் வைத்து, உறிஞ்சு குழாயை நீரால் நிரப்பிய பிறகு கருவியில் மாட்டினால், அது திணறாமல் கிளம்பும்.

அடுத்தது மின்சாரம். 1,400 வாட் கருவிகூட 230 வோல்டில் 6 ஆம்பியரைச் சற்றே தாண்டிவிடும். 1,800 வாட் என்றால் ஏறக்குறைய 8 ஆம்பியர். ஆனால் பெரும்பாலான போர்ட்டிகோக்களில் இருப்பது 6 ஆம்பியர் சாக்கெட்தான். சமையலறையிலிருந்து மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயரை இழுத்து வேலையை முடித்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம். வயர் சூடாகும், வோல்டேஜ் இறங்கும், மோட்டார் உறுமும். எலக்ட்ரீஷியனை அழைத்து, 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரில் ஒரு 16 ஆம்பியர் சாக்கெட்டை வெளியே போடச் சொல்லுங்கள். எர்த் சரியாக இருக்கிறதா என்றும், 30 மில்லியாம்பியர் கசிவுக்கே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி இருக்கிறதா என்றும் அன்றே பார்த்துவிடுங்கள். ஈரத் தரையில் நின்றுகொண்டு மின்கருவியைக் கையாளும் வேலை இது. இந்தச் செலவைக் கருவியின் விலையோடு சேர்த்தே கணக்கிட வேண்டும்.

இப்போது பெட்டியின் மேல் உள்ள எண்களுக்கு வருவோம். பார் என்பது அழுத்தம். நிமிடத்துக்கு இத்தனை லிட்டர் என்பது நீரோட்டம். அழுத்தம் அழுக்கைப் பெயர்க்கிறது, நீரோட்டம் அதை அடித்துக்கொண்டு போகிறது. ஒன்று மட்டும் பெரிதாக இருந்து பயனில்லை. பார் அளவையும் நிமிட லிட்டர் அளவையும் பெருக்கி 600-ஆல் வகுத்தால், நீரில் இறங்கும் ஆற்றல் கிலோவாட்டில் கிடைக்கும். 110 பார், 6 லிட்டர் என்றால் 1.1 கிலோவாட், 1,400 வாட்டுக்குள் அடங்கும் எண்தான் இது. நான் வாங்கிய கருவியின் பெட்டியில் 200 பார், 8 லிட்டர், 1,500 வாட் என்று இருந்தது. கணக்குப் போட்டால் 2.67 கிலோவாட் வருகிறது. உள்ளே போகும் மின்சாரத்தைவிட வெளியே வரும் ஆற்றல் அதிகமாக இருக்க இயற்கையில் வழியே இல்லை. அதிகபட்ச அழுத்தமும் அதிகபட்ச நீரோட்டமும் ஒரே நேரத்தில் கிடைப்பதில்லை என்று விற்பவர் விளக்கம் சொல்லக்கூடும், அது உண்மையும்கூட. அப்படியானால் இயங்கும்போதுள்ள அழுத்தம் எவ்வளவு என்று கேளுங்கள். அந்த எண்ணைத் தனியாக அச்சிட்டிருக்கும் நிறுவனத்தை நான் கூடுதலாக நம்புவேன்.

கார் மட்டுமே என்றால் இயங்கு அழுத்தம் 80 பார் இருந்தாலே போதும். சிமென்ட் தரையும் பேவர் பிளாக்கும் இருந்தால் 100 முதல் 120 பார் வரை பார்க்கலாம். அதற்கு மேல் வீட்டில் தேவையில்லை. பேட்டரியில் இயங்கும் கைத்துப்பாக்கிகள் பைக்குக்கும் ஜன்னல் வலைக்கும் சரி. பாசி பிடித்த தரைக்கு அவை உதவா.

மோட்டாரில் இரண்டு வகை உண்டு. கார்பன் பிரஷ் உள்ளது இலேசானது, விலை குறைவு, மிக்ஸியைப் போலக் கத்தும், நெடுநேரம் தொடர்ந்து ஓட்டினால் சூடேறும். இண்டக்‌ஷன் மோட்டார் கனமானது, விலை கூடுதல், சத்தம் குறைவு, நீண்ட நாள் உழைக்கும்; ஆனால் வோல்டேஜ் குறைந்த மாலை வேளைகளில் கிளம்பாமல் உறுமிக்கொண்டு நிற்கும். வாரம் ஒருமுறை காரைக் கழுவ முதல் வகையே போதும். பெரிய முற்றமும் இரண்டு வண்டிகளும் உள்ள வீட்டுக்கு இரண்டாவது வகை. எந்த வகையானாலும், டிரிகரை விட்டதும் மோட்டார் தானாக நிற்கும் அமைப்பு இருக்கட்டும். பம்பின் தலைப்பகுதி பித்தளையா, அலுமினியமா, பிளாஸ்டிக்கா என்றும் கேளுங்கள். உப்புப் போர்த் தண்ணீர் உள்ள வீட்டில் பித்தளைக்குக் கொடுக்கும் கூடுதல் பணம் வீணாகாது. போர்த் தண்ணீரில் மணல் வந்தால், கருவியின் நுழைவாயில் உள்ள சல்லடை எளிதில் கழற்றிக் கழுவக்கூடியதாக இருக்க வேண்டும்.

நீரைப் பீய்ச்சும் முனைகளான நாசில்களைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் சேதமெல்லாம் இங்கேதான் நடக்கிறது. மாற்றி மாற்றிப் பொருத்தும் வகையில், நீர் விரியும் கோணம் நிறத்தால் தெரியும்: சிவப்பு 0 டிகிரி, மஞ்சள் 15, பச்சை 25, வெள்ளை 40, கறுப்பு சோப்புக்கு. காருக்குப் பச்சையும் வெள்ளையும் மட்டுமே, அதுவும் ஒன்றே கால் அடி தள்ளி நின்று. டயரின் பக்கச் சுவரை நெருக்கத்தில் அடித்தால் உள்ளே உள்ள இழைகள் வெளியே தெரியாமல் சிதையலாம். ரீ-பெயின்ட் செய்த இடம், ஸ்டிக்கரின் ஓரம், ரேடியேட்டரின் மெல்லிய தகடுகள், பார்க்கிங் சென்சார் ஆகியவற்றையும் நேராக அடிக்கக் கூடாது. சுழன்று அடிக்கும் நாசில் தரைக்கு மட்டுமே. அதைக் கார்மேல் காட்டினால் பெயின்ட் போய்விடும். கார் நுரைக்கு, கருவியோடு வரும் சிறு சோப்புப் புட்டியைவிடத் தனியாக விற்கும் நுரைத் துப்பாக்கி நல்லது. நீரோட்டம் குறைந்த கருவி என்றால் அதன் உள்துளை 1.25 மில்லிமீட்டருக்குப் பதில் 1.1 மில்லிமீட்டராக இருந்தால்தான் நுரை கெட்டியாக வரும்.

பேவர் பிளாக் தரையில் நாசிலைச் செங்குத்தாகப் பிடித்தால், கற்களின் இடுக்கில் உள்ள மணல் குபுக்கென்று எழுந்து சுவரெல்லாம் தெறிக்கும். பாசி போன இடம் வெள்ளையாகவும் போகாத இடம் கறுப்பாகவும் தரை முழுவதும் வரிக்குதிரை போலக் கோடுகள் தெரியும். சாய்வாகப் பிடித்து, ஒரே வேகத்தில் நகர்த்தி, காய்ந்த பிறகு இடுக்குகளில் மணலை மறுபடி கூட்டி நிரப்ப வேண்டும். தரையே உங்கள் முக்கியக் கவலை என்றால், வட்ட மூடிக்குள் இரு நாசில்கள் சுழலும் தரை துடைப்பான் அந்தக் கருவிக்குக் கிடைக்கிறதா என்று வாங்கும் முன்பே கேளுங்கள். கோடும் விழாது, காலும் நனையாது. ஆத்தங்குடிக் கல், ரெட் ஆக்ஸைடு தரை, மொட்டைமாடித் தட்டோடுகளின் பூச்சு ஆகியவற்றின் அருகே இக்கருவியையே கொண்டுபோக வேண்டாம்.

வெறுங்காலோடோ செருப்போடோ நின்று இதை இயக்காதீர்கள். நெருக்கத்தில் படும் நீர் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்; துளை ஊசிக்குத்து அளவே இருந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய காயம் அது.

தண்ணீர்ச் சிக்கனத்துக்காக இதை வாங்குவதாகச் சொல்பவர்கள் உண்டு. திறந்துவிட்ட ஹோஸோடு ஒப்பிட்டால் சரிதான். நிமிடத்துக்கு 6 லிட்டர் வீதம் இருபது நிமிடம் அடித்தால் 120 லிட்டர் ஆகும். இரண்டு வாளியும் ஒரு துணியும் கொண்டு கழுவினால் 40 லிட்டரில் முடியும். கோடையில் லாரித் தண்ணீர் வாங்கும் வீட்டில் வாளியே மேல் என்பது என் கருத்து.

கடைசியாக உதிரிபாகம். ஹோஸ் 5 மீட்டருக்குக் குறைவாக இருந்தால் காரைச் சுற்றி வரும்போது கருவியையும் இழுத்துக்கொண்டே சுற்ற வேண்டியிருக்கும். 8 மீட்டர் வசதி. நீளமான ஹோஸைத் தனியாக வாங்கும்போது ஒரு நுணுக்கம் உண்டு: 22 மில்லிமீட்டர் மரை கொண்ட இணைப்புகளில் உள்முனை 14 மில்லிமீட்டர், 15 மில்லிமீட்டர் என இரு அளவுகள் உள்ளன. இரண்டும் மரையில் ஒழுங்காக ஏறிவிடும், ஆனால் அளவு மாறியிருந்தால் ஓ ரிங் என்ற ரப்பர் வளையத்தில் நீர் பீச்சும். பழைய ஹோஸைக் கையோடு எடுத்துச் சென்று, கடையிலேயே ஒருமுறை மாட்டிக் காட்டச் சொல்லுங்கள். அப்படியே அந்த ஓ ரிங்கில் நான்கைந்து கூடுதலாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.