வீட்டில் ஒரு சிறு பட்டறை அமைக்கும் முறை

வீட்டில் மர வேலைக்கான பட்டறை வைக்க விரும்புகிறவர்கள் பலர் முதலில் கருவிகளை வாங்கிக் குவித்துவிட்டு, அவற்றை எங்கே வைத்து எதன் மேல் வேலை செய்வது என்று பிறகுதான் யோசிக்கிறார்கள். முதலில் இடம், அடுத்து வேலை மேசை, அதன் பின்னரே கருவிகள் என்பதே என் உறுதியான கருத்து.

இடம் சிறியதாக இருந்தாலும் ஈரம் தங்காததாகவும் காற்றோட்டம் உள்ளதாகவும் இருக்க வேண்டும். ஈரமான சுவரில் மாட்டிய உளியும் ரம்பமும் விரைவில் துருப்பிடித்துவிடும். வலக்கைப் பழக்கம் உள்ளவருக்கு வெளிச்சம் இடப்புறமிருந்து விழுந்தால், குறித்த கோட்டின் மேல் கை நிழல் படியாது.

வேலை மேசைக்குத்தான் அதிகக் கவனம் தேவை. நிமிர்ந்து நின்று கைகளைத் தொங்கவிடும்போது மணிக்கட்டு எந்த உயரத்தில் இருக்கிறதோ, ஏறத்தாழ அந்த உயரமே இழைப்புளி (மரத்தைச் சீவி வழவழப்பாக்கும் கருவி) பிடிப்பதற்கு ஏற்றது. பலருக்கு அது 80 முதல் 90 செ.மீ. வரை அமையும். மேசை கனமாக இருப்பது நல்லது, ஏனெனில் இழைக்கும்போது அது ஆடினால் நாம் தள்ளும் விசை மரத்தில் சேராமல் அந்த ஆட்டத்திலேயே கரைந்துபோகும். கால்களைக் குறுக்குச் சட்டங்களால் பிணைத்து, கீழே ஒரு பலகை அடித்துக் கனமான பொருள்களை அதில் அடுக்கினால் ஆட்டம் பெருமளவு அடங்கும். மேசை முனையில் மரத்தை இறுக்கிப் பிடிக்கும் ஒரு வைஸ் பொருத்திவிட்டால் பிடிப்பதற்கு இன்னொருவரைத் தேட வேண்டியதில்லை.

சுத்தியல், கொட்டாப்புளி (மரச் சுத்தியல்), ரம்பம், இரண்டு மூன்று உளிகள், இழைப்புளி, திருப்புளிகள், குறடு, அளவு நாடா, செங்கோணம் பார்க்கும் மூலைமட்டம், பலகைகளைச் சேர்த்து இறுக்கும் நான்கு கிளாம்புகள், ஒரு டிரில் ஆகியவை தொடக்கத்துக்குப் போதும். மற்றவற்றை வேலை கேட்கும்போது வாங்கிக்கொள்ளலாம். மூலைமட்டத்தை மட்டும் சோதிக்காமல் நம்பாதீர்கள். நேரான விளிம்புள்ள பலகையில் அதை வைத்துக் கூரிய பென்சிலால் ஒரு கோடு இழுத்து, பிறகு மட்டத்தை மறுபுறம் திருப்பி, அடியில் அதே புள்ளியிலிருந்து இன்னொரு கோடு இழுங்கள். இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று விழுந்தால் மட்டம் சரி. மேலே போகப் போக விலகினால், தெரியும் இடைவெளியில் பாதி அதன் பிழை.

உளியைத் தீட்டச் சாணைக்கல்லும் அவசியம். மர வேலைக்கான உளியின் சரிவைப் பொதுவாக 25 பாகையிலும், வெட்டும் நுனியை 30 பாகையிலும் தீட்டுவார்கள். மழுங்கிய உளிக்கு அதிக அழுத்தம் தேவைப்படுவதால் அது வழுக்கிக் கையைப் பதம் பார்க்கும். கூரிய உளியே பாதுகாப்பானது.

பட்டறைக்கு வரும் மின்இணைப்பில் 30 மில்லி ஆம்பியர் மின்கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்பு பிரேக்கரை மின்பணியாளரைக் கொண்டு பொருத்துங்கள். சுழலும் இயந்திரத்தின் அருகில் கையுறை அணியக் கூடாது, துணி சிக்கினால் கையையும் இழுத்துக்கொள்ளும். மரத்தூள் பறக்கும்போது முகக்கவசமும் கண்ணாடியும் வேண்டும்.

மரத்துக்கு ஆளிவிதை எண்ணெய் பூசிய துணியைச் சுருட்டி மூலையில் போடுவது மிகவும் ஆபத்தானது. எண்ணெய் உலரும்போது எழும் வெப்பம் மடிப்புகளுக்குள் தேங்கித் தானாகவே தீப்பிடிக்கக்கூடும். அன்றைய வேலை முடிந்ததும் அதைத் திறந்த வெளியில் தனியாக விரித்துக் காயவிடுங்கள், அல்லது நீர் நிரப்பிய தகர டப்பாவில் அமிழ்த்தி மூடி வையுங்கள்.