ஹாங்காங்கின் மதில் கிராமங்கள்: போகிறவர்கள் செய்யும் தவறுகள்

முதல் தவறு, பெயரை நம்பி ரயில் ஏறுவது. கான்டனீஸ் மொழியில் 'வாய்' என்றால் சுற்றி அடைத்த இடம். மதில் கிராமங்களின் பெயர்கள் பெரும்பாலும் இப்படித்தான் முடியும். அதை வைத்து டின் ஷுய் வாயில் போய் இறங்கினால் அடுக்குமாடிகள்தான் நிற்கும். மீன் குளங்களைத் தூர்த்து எழுப்பிய துணைநகரம் அது. மதில் பார்க்க கம் டின் பகுதியிலுள்ள காட் ஹிங் வாய்க்குப் போக வேண்டும். கம் ஷுங் ரோடு நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம்.

அங்கேயும் பலர் முகம் சுளித்துத் திரும்புகிறார்கள். வெளியே செங்கல் மதில், நான்கு மூலையிலும் காவல் கோபுரம். உள்ளே போனால் மூன்று மாடிப் புது வீடுகள், சந்துக்கு மேலே சொட்டுகிற ஏசி, கொடியில் காயும் துணி. டாங் குலத்தார் இன்றும் குடியிருக்கும் ஊர் வேறு எப்படி இருக்கும்? பழைய வீடுதான் வேண்டுமென்றால் சுன் வானுக்குப் போங்கள். ஹக்கா என்ற சீன இனக்குழுவினர் 1786-ல் கட்டிய சாம் டுங் உக் குடியிருப்பு வளாகம் இப்போது அருங்காட்சியகம். செவ்வாய்க்கிழமை போய்விடாதீர்கள், விடுமுறை.

காட் ஹிங் வாயில் நின்று பார்க்க வேண்டியது வாசல் கதவைத்தான். பலர் அதன் வழியாகவே நுழைந்தும் கவனிப்பதில்லை. இரும்பு வளையங்களைக் கோத்த இரட்டைக் கதவு. 1899-ல் பிரிட்டிஷ்காரர்கள் இப்பகுதியைக் கையகப்படுத்த வந்தபோது ஊரார் கதவைச் சாத்திக்கொண்டார்கள். படை அதைப் பெயர்த்து எடுத்துக்கொண்டு போனது. அயர்லாந்து வரை போன கதவு 1925-ல்தான் திரும்பியது. இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள், ஜோடி சேராது. ஒன்று பக்கத்து ஊரான டாய் ஹாங் வாயுடையது என்கிறார்கள்.

வாசலில் உண்டியல் மாதிரி ஒன்று இருக்கும், சில்லறை போட்டுவிட்டு நுழையுங்கள். கறுப்புத் துணி தொங்கும் தொப்பி போட்ட பாட்டிமாரைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். காசு கேட்டால் அதில் தப்பென்ன, அவர்கள் வீட்டு வாசல்தானே. திறந்திருக்கும் கதவுக்குள் எட்டிப் பார்ப்பது மட்டும் வேண்டவே வேண்டாம்.

அப்புறம், துணைநகரங்களை ரயில் மாறும் இடமாக மட்டும் நினைப்பது. ஷா டின் 1970-களில் வயல்வெளியில் எழும்பத் தொடங்கிய நகரம். அதன் ஓரத்திலேயே சாங் டாய் உக் இருக்கிறது. கல்தச்சு வேலையில் பணம் சேர்த்த ஒரு ஹக்காக்காரர் 19-ஆம் நூற்றாண்டில் குடும்பத்துக்கென்று கட்டிய கோட்டை வீடு. அதன் கூரைக்குப் பின்னால் அடுக்குமாடிகள் எழுந்து நிற்பதை ஒரே பார்வையில் பார்க்கலாம். எனக்குக் காட் ஹிங் வாயைவிட இதுதான் பிடிக்கும்.

டின் ஷுய் வாய், யுவன் லாங் பக்கம் டிராம் மாதிரி ஓடும் லைட் ரயிலில் போனால் ஒரு எச்சரிக்கை. நிலையத்தில் கேட் கிடையாது. ஏறும்முன் ஆக்டோபஸ் என்ற பயணக் கட்டண கார்டைக் கருவியில் தட்டுகிறவர்கள் இறங்கியதும் தட்ட மறந்துவிடுவார்கள். அதிகபட்சக் கட்டணம் போய்விடும். ஏறவும் இறங்கவும் தனித்தனிக் கருவி, மாற்றித் தட்டிவிடாதீர்கள்.