பிஸ்கட் டின்னில் கிடந்த பிளாப்பிகள்: எல்லையோர டிடிபி கோப்புகளை மீட்டு வைக்கும் முறை

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், தமிழக எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறையில் எங்கள் பெரியப்பா நடத்திவந்த டிடிபி கடை மூடப்பட்டபோது கணிப்பொறிகள் பழைய இரும்பு விலைக்குப் போயின. மூன்று பிஸ்கட் டின்கள் மட்டும் வீட்டு அட்டாலியில் ஏறின. டின்களுக்குள் 3.5 அங்குல பிளாப்பிகளும், ரப்பர் பேண்ட் போட்ட ஒரு கட்டு சிடியும், உறையில்லாத ஒரு ஹார்டு டிஸ்க்கும் இருந்தன. பொள்ளாச்சிப் பெண்ணுக்கும் பாலக்காட்டுச் சித்தூர் மாப்பிள்ளைக்கும் கல்யாணம் என்றால் பத்திரிகையின் ஒரு பக்கம் தமிழிலும் மறுபக்கம் மலையாளத்திலும் இருக்க வேண்டும். கோயில் உற்சவ நோட்டீசுக்கும் வாயனசாலை (நூலகம்) ஆண்டு மலருக்கும் அதே கதைதான். இப்படி இரு மொழியிலும் அடிக்கப்பட்டுப் பல வீடுகளில் கிடக்கும் கோப்புகளை மீட்க விரும்புவோருக்காக, அந்த மூன்று டின்களை வைத்துக்கொண்டு நான் கற்றதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பிளாப்பியிலிருந்து கணிப்பொறிக்குக் கோப்பு வந்து சேர்ந்ததும் வேலை முடிந்தது என்று பலர் எண்ணுகிறார்கள். நம் பக்கத்துக் கோப்புகளைப் பொறுத்தவரை அதற்குப் பிறகுதான் பெரிய வேலையே இருக்கிறது. ஏனென்றால் ஒரே பைட், எந்த எழுத்துருவில் திறக்கிறோம் என்பதைப் பொறுத்துத் தமிழாகவும் தெரியும், மலையாளமாகவும் தெரியும். எழுத்துரு தொலைந்தால் கோப்பு இருந்தும் பயனில்லை.

டின்னைத் திறந்ததும்

இடவப்பாதி மழையில் ஊறிய பாய், படுக்கை, பழைய புத்தகம் எல்லாவற்றையும் மழை விட்ட மறுநாள் முற்றத்தில் காயப்போடுவது நம் வழக்கம். காந்தப் பூச்சுள்ள தகட்டையும் சிடியையும் அப்படி வெயிலில் வைக்கக் கூடாது. உறை கோணிப்போகும், எழுதக்கூடிய சிடியின் சாயப்படலம் வெளிச்சத்தில் வெளுக்கும். டின்னை வீட்டுக்குள் காற்றோட்டமான இடத்தில் ஒரு நாள் திறந்து வைத்து, பிறகு மூடியுள்ள டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு சில நாள் வைத்தால் போதும்.

எதையும் கணிப்பொறியில் செருகுவதற்கு முன் ஒவ்வொன்றின் லேபிளையும் கைப்பேசியால் படமெடுத்து, டின் 1, பிளாப்பி 1 என்று வரிசை எண் கொடுங்கள். லேபிளில் பென்சிலால் எழுதி அடித்த வாடிக்கையாளர் பெயர், அதற்கு மேல் எழுதிய வேறொரு பெயர், மூலையில் கிறுக்கிய எழுத்துருப் பெயர் ஆகிய மூன்றும் பின்னால் உதவும். பெரியப்பா ஒரு பிளாப்பியின் மூலையில் "பாமினி" என்று குறித்து வைத்திருந்தார். அந்த ஒரு சொல் எனக்கு ஒரு வார வேலையை மிச்சப்படுத்தியது.

அடுத்து, பிளாப்பியின் உலோக மூடியை விரலால் நகர்த்தி, பின்பக்கத்து வட்டத்தை மெல்லச் சுழற்றி, டார்ச் வெளிச்சத்தைச் சாய்வாகப் பாய்ச்சிப் பாருங்கள். தகடு கறுப்பாக, சீராகப் பளபளத்தால் நல்லது. சாம்பல் பூத்தாற்போல் வெண்புள்ளிகள் தெரிந்தால் அது பூஞ்சை. அதை அப்படியே டிரைவில் போட்டால் படிக்கும் தலையில் பூஞ்சை ஒட்டி, அடுத்து வரும் நல்ல பிளாப்பியையும் கீறிவிடும். அத்தகைய பிளாப்பியின் உறையை ஓரத்தில் கவனமாகப் பிளந்து தகட்டை வெளியே எடுத்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த, நூல் உதிராத துணியால் அழுத்தாமல் துடைத்து, முழுக்க உலர்ந்தபின் வேறொரு சுத்தமான பிளாப்பியின் உறைக்குள் மாற்றிப் படிக்க வேண்டும். இதற்காகவே நாலைந்து வெற்றுப் பிளாப்பிகளை ஒதுக்கி வைத்துக்கொள்வது நல்லது. சந்தேகத்துக்குரிய ஒவ்வொன்றுக்கும் பிறகு டிரைவின் தலையையும் அதே ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக்குச்சியால் துடைக்க வேண்டும். மேல்தலை மிக மெல்லிய தகட்டில் நிற்பதால் அதைத் தூக்கி நெம்பக் கூடாது.

எழுதவிடாமல் பூட்டுவது

3.5 அங்குல பிளாப்பியின் மூலையில் நகரும் சிறு கட்டை ஒன்று உண்டு. துளை திறந்திருந்தால் பிளாப்பி பூட்டியிருக்கிறது, அதாவது படிக்க மட்டுமே முடியும். மூடியிருந்தால் எழுதவும் முடியும். அதற்கு முந்தைய 5.25 அங்குலத்தில் இது நேர்மாறு: ஓரத்தில் உள்ள வெட்டை ஒட்டுத்தாளால் மூடினால்தான் பூட்டு. நான் இதில் அலட்சியமாக இருந்து ஒன்றை இழந்தேன். துளை மூடியிருந்த பிளாப்பியைச் செருகியதும், வட்டு ஃபார்மட் ஆகவில்லை, இப்போது செய்யவா என்று விண்டோஸ் கேட்டது. அவசரத்தில் ஆம் என்று அழுத்திவிட்டேன். பிளாப்பியை முழுமையாக ஃபார்மட் செய்தால் ஒவ்வொரு தடத்தின்மீதும் புதிதாக எழுதப்படும். அதற்கப்புறம் எந்த மென்பொருளும் உதவாது. அது யார் வீட்டுக் கல்யாணம் என்பதற்கு இப்போது லேபிளின் படம் மட்டுமே சாட்சி.

கோப்பு வேண்டாம், முழு இமேஜ் வேண்டும்

யுஎஸ்பி பிளாப்பி டிரைவ் இன்னும் இணையக் கடைகளில் கிடைக்கிறது. அது பொதுவாக 1.44 எம்பி, 720 கேபி ஆகிய இரண்டு வகைகளைத்தான் படிக்கும். 5.25 அங்குலத்துக்குப் பழைய டிரைவும், அதை யுஎஸ்பி வழியாக இயக்கும் கிரீஸ்வீசல் போன்ற சிறு அட்டையும் வேண்டும். இந்த அட்டை எண்களைப் படிக்காமல் காந்தப்புலம் மாறும் கணங்களையே பதிவு செய்துகொள்வதால், சாதாரண டிரைவ் கைவிட்ட பிளாப்பிகளுக்கும் கடைசிப் புகலிடம் இதுவே.

டிரைவ் கிடைத்ததும் கோப்புகளை ஒவ்வொன்றாக இழுத்துப் போடத் தொடங்காதீர்கள். வட்டை முதல் பைட்டிலிருந்து கடைசி பைட் வரை ஒரே இமேஜ் கோப்பாக எடுக்க வேண்டும். இரு பக்கம், பக்கத்துக்கு 80 தடம் (வட்டமான பாதை), தடத்துக்கு 18 செக்டர் (தடத்தின் துண்டு), செக்டருக்கு 512 பைட் எனப் பெருக்கினால் 14,74,560 பைட் வரும். உங்கள் இமேஜின் அளவு மிகச் சரியாக இதுவாக இருக்க வேண்டும். கோப்புகளை மட்டும் எடுத்தால் அழிக்கப்பட்ட கோப்புகளின் மிச்சமும் தேதிகளும் வந்து சேரா. டிடிபி கடைக்காரர்கள் இடம் போதாமல் பழைய வேலையை அழித்துவிட்டு அதே பிளாப்பியில் புதியதை ஏற்றுவார்கள். அழித்த கோப்பின் பெயரில் முதல் எழுத்து மட்டும் மாறுமே தவிர, அந்த இடத்தின்மேல் வேறொன்று எழுதப்படும் வரை உள்ளடக்கம் அங்கேயே கிடக்கும். இமேஜ் கையில் இருந்தால் டெஸ்ட்டிஸ்க், ஃபோட்டோரெக் போன்ற இலவசக் கருவிகளைக் கொண்டு அதை நிதானமாகத் தேடலாம்.

விண்டோஸில் வின்இமேஜ் போதுமானது. பழுதான வட்டு என்றால் லினக்ஸில் குனு டிடிரெஸ்க்யூ என்ற கட்டளைக் கருவியே என் தேர்வு. அது படிக்க எளிதான பகுதிகளை முதலில் அள்ளிக்கொண்டு, முரண்டு பிடிக்கும் செக்டர்களுக்குப் பிறகு திரும்பி வரும். எது கிடைத்தது, எது கிடைக்கவில்லை என்பதை ஒரு வரைபடக் கோப்பில் குறித்து வைக்கும். இந்த வரைபடக் கோப்பின் அருமை இரண்டாவது டிரைவை மாட்டும்போதுதான் தெரியும். ஒவ்வொரு டிரைவின் தலையும் மயிரிழை அளவு வேறு இடத்தில் நிற்பதால், ஒன்றில் படியாத செக்டர் மற்றொன்றில் படியக்கூடும். அதே இமேஜையும் அதே வரைபடத்தையும் கொடுத்து மறுபடி ஓட்டினால் விடுபட்ட ஓட்டைகள் மட்டும் நிரப்பப்படும். ஓர் ஆண்டு மலர் பிளாப்பியில் முதல் டிரைவ் விட்டுவிட்ட 11 செக்டர்களில் 9-ஐ இரண்டாவது டிரைவ் கொடுத்தது.

இமேஜ் எடுத்தவுடன் அதன் எஸ்எச்ஏ-256 சரிபார்ப்பு எண்ணைக் (கோப்பில் ஒரு பைட் மாறினாலும் இந்த எண் மாறிவிடும்) கணக்கிட்டு, லேபிள் படத்தோடு ஒரே கோப்புறையில் போடுங்கள். இனி வேலை எல்லாம் இமேஜின் நகலில்தான். பிளாப்பி மீண்டும் டப்பாவுக்குப் போகலாம்.

சிடியும் ஹார்டு டிஸ்க்கும்

சிடியை அடிப்பக்கம் கீறாமல் பார்த்துக்கொள்ளும் நாம் மேல்பக்கத்தைக் கவனிப்பதில்லை. சிடியின் தரவுப்படலம் லேபிளுக்குக் கீழே, மெல்லிய அரக்குப் பூச்சை ஒட்டியே இருக்கிறது. அடியில் ஒரு மில்லிமீட்டருக்கும் மேல் பிளாஸ்டிக் பாதுகாப்பு உண்டு. ஆகவே மேலே பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி எழுதியதும், ஸ்டிக்கரைப் பிய்த்ததும் கீழே விழுந்த கீறலை விட மோசமானவை. ஒட்டிய ஸ்டிக்கரை உரிக்காமல் அப்படியே படிக்க முயலுங்கள். துடைப்பதாக இருந்தால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராகத் துடைக்க வேண்டும், வட்டமாக அல்ல. ஒரு டிரைவ் படிக்க மறுத்தால் வேகத்தைக் குறைத்தும் வேறு டிரைவிலும் பாருங்கள். கல்யாண வீடியோ விசிடி என்றால் இழுத்துப் போடும் நகல் பாதியில் நிற்கும் வாய்ப்பு அதிகம். அதன் வீடியோ செக்டர்கள் சாதாரணத் தரவு செக்டர்களைப் போல அமைந்தவை அல்ல. விசிடிஇமேஜர் போன்ற, விசிடிக்கென்றே உள்ள கருவியால் எடுக்க வேண்டும்.

பழைய ஐடிஇ ஹார்டு டிஸ்க்கை யுஎஸ்பி மாற்றியில் இணைக்கலாம், 3.5 அங்குல வகைக்கு 12 வோல்ட் தனி அடாப்டர் தேவை, ஜம்பரை (பின்பக்க ஊசிகளில் மாட்டும் சிறு இணைப்பான்) மாஸ்டர் இடத்தில் வைக்க வேண்டும். சுழன்றதும் டிக் டிக் என்று ஒரே சீராகத் தட்டினால் உடனே மின்சாரத்தை நிறுத்துங்கள். அதைத் திறந்து பார்ப்பதும், ஃபிரிட்ஜில் வைத்து எடுத்தால் ஓடும் என்ற யோசனையைக் கேட்பதும் உள்ளதையும் கெடுக்கும்.

இனி எழுத்து

இமேஜுக்குள், பக்கம் வடிவமைக்கும் மென்பொருளான பேஜ்மேக்கரின் கோப்பு இருக்கும் என்று எதிர்பாருங்கள். 2001-ல் வந்த 7.0-தான் அதன் கடைசிப் பதிப்பு. இன்டிசைன் சிஎஸ்6 வரையிலான பதிப்புகள் பேஜ்மேக்கர் 6.0 முதல் வந்த பதிப்புகளின் கோப்புகளைத் திறக்கும். அது இல்லாதவர்கள் லிப்ரேஆபிஸ் டிராவில் முயலலாம்.

திறந்ததும் தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கொட்டிக் கிடக்கும். பயப்பட வேண்டாம். ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்ற ஐந்தும் அடுத்தடுத்து வந்தால் அது பாமினியில் அடித்த "தமிழ்" என்ற சொல். மாறாக, தலையில் கோடும் கொம்பும் வைத்த ஐரோப்பிய எழுத்துகள் நிறைந்திருந்தால் டிஸ்கி, அல்லது 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டி வந்த டேப், டேம் குறியேற்றங்களாக (எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்ற ஒதுக்கீடு) இருக்கலாம். என்எச்எம் கன்வெர்ட்டரில் ஒரு பத்தியை ஒட்டி ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தால் எது என்பது நிமிடத்தில் தெரியும்.

இங்கேதான் எல்லையோரக் கோப்பின் சிக்கல் வருகிறது. அதே பக்கத்தில் உள்ள மலையாள வரிகள் பெரும்பாலும் மத்திய அரசு நிறுவனமான சி-டாக்கின் ஐஎஸ்எம் மென்பொருள் வழியாக, எம்எல்-டிடி கார்த்திகா போன்ற எழுத்துருவில் அடிக்கப்பட்டிருக்கும். கோப்பை வெறும் உரையாகச் சேமித்தால் எழுத்துருப் பெயர் உதிர்ந்துவிடும். எந்த வரி பாமினி, எந்த வரி கார்த்திகா என்று சொல்ல ஒன்றுமிராது. மொத்தத்தையும் தமிழ் மாற்றியில் போட்டால் மலையாளப் பக்கம் பொருளற்ற தமிழாக வந்து நிற்கும். ஆகவே எழுத்துருப் பெயரைச் சுமக்கும் ஆர்டிஎஃப் போன்ற வடிவில் ஏற்றுமதி செய்து, எழுத்துருவாரியாகப் பிரித்து, தமிழ் வரிகளை மேற்சொன்ன கருவியிலும், மலையாள வரிகளை சுதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங் குழுவினரின் பய்யன்ஸ் நிரலிலும் தனித்தனியாக மாற்ற வேண்டும். எழுத்துருக் கோப்புகள் அதே ஹார்டு டிஸ்க்கின் விண்டோஸ் ஃபான்ட்ஸ் கோப்புறையில் பெரும்பாலும் இருக்கும். எனக்கு அந்த உறையில்லாத டிஸ்க்கின் முழுப் பயனும் அதுவாகத்தான் இருந்தது.

மாற்றிய பிறகு கண்ணால் படித்தே ஆக வேண்டும். அச்சில் ஒன்றுபோல் தெரிகிறதே என்று சிலர் துணைக்காலுக்குப் பதில் ரகரத்தை அடித்திருப்பார்கள். தாளில் அது தெரியாது, யூனிகோடுக்கு வந்ததும் பாலக்காடு "பரலக்கரடு" ஆகிவிடும். ஔகாரத்துக்குப் பதில் ளகரம் வந்திருப்பதும் இதே வகை. ரகரத்தை எல்லாம் மொத்தமாகக் காலாக மாற்றினால் மரம் "மாம்" ஆகும் என்பதால் இதற்குக் குறுக்குவழி கிடையாது. பெரியப்பாவிடம் அச்சிட்ட பத்திரிகை ஒன்றிரண்டு இருந்ததால், பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுத் திருத்த முடிந்தது.

சேமித்து வைப்பது

ஒவ்வொரு வேலைக்கும் நான்கு பொருள்களை ஒரே கோப்புறையில் வைக்கிறேன்: மாற்றாத இமேஜ், எழுத்துருக் கோப்புகள், எழுத்துரு உட்பொதித்த பிடிஎஃப், திருத்திய யூனிகோடு உரை. பிடிஎஃப் பார்வைக்கு, உரை தேடுவதற்கு. இரண்டிலும் தவறு இருந்தால் திரும்பிப் போக இமேஜ். கோப்புறைக்கு மூன்று நகல்: ஒன்று கணிப்பொறியில், ஒன்று வெளி ஹார்டு டிஸ்க்கில், ஒன்று கோவையில் இருக்கும் தம்பி வீட்டில். பென் டிரைவை இதற்கு நம்ப வேண்டாம். ஆண்டுக்கணக்கில் மின்சாரம் காணாமல் கிடந்தால் அதில் உள்ள மின்னூட்டம் கசிந்துவிடக்கூடும். ஆண்டுக்கொரு முறை, நான் விஷு விடுமுறையில் செய்கிறேன், மூன்று நகல்களின் சரிபார்ப்பு எண்ணையும் மறுபடி கணக்கிட்டு, மாறியிருந்தால் மாறாத நகலிலிருந்து திருத்திவிட வேண்டும்.

படிந்து வராத பிளாப்பிகளைத் தூக்கி எறிய வேண்டாம். என்னிடம் 14 உள்ளன. எண்ணிட்டு, எத்தனை செக்டர் விடுபட்டன என்று சீட்டு எழுதி, சிலிக்கா ஜெல்லோடு தனி டப்பாவில் போட்டிருக்கிறேன். கிரீஸ்வீசல் அட்டை வாங்கியதும் அவற்றில்தான் தொடங்கப்போகிறேன்.