காரில் துரு ஏறாமல் பார்த்துக்கொள்ள

டிங்கரிங் வேலை பார்க்கிறவன் என்பதால் சொல்கிறேன். காருக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டே இருப்பவர்கள்கூடக் கதவின் அடி விளிம்பைக் குனிந்து பார்ப்பதில்லை. துரு அங்கேதான் உள்பக்கமாகத் தொடங்குகிறது. இரும்பைவிடத் துருவுக்கு இடம் அதிகம் வேண்டும், அதனால் பெயிண்டைத் தள்ளிக்கொண்டு எழும்பும். கொப்புளம் கண்ணில் படும்போது தகடு பாதி போயிருக்கும்.

கண்ணாடியை ஒட்டி இறங்கும் மழைத்தண்ணீர் கதவுக்குள் போகத்தான் செய்யும். அது வெளியேற அடியில் சின்னத் துளைகள் வைத்திருக்கிறார்கள். மண்ணும் சருகும் அவற்றை அடைத்துவிட்டால் தண்ணீர் உள்ளேயே தேங்கும். மெல்லிய பிளாஸ்டிக் குச்சியால் குத்திவிடுங்கள், கம்பி வேண்டாம், பெயிண்டைக் கீறிவிடும். அடைப்பு இருந்தால் கறுப்பாகச் சேற்றுத் தண்ணீர் சொட்டும். அப்புறம் கால்மிதியைத் தூக்கி, கீழேயுள்ள கார்ப்பெட்டை உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள். ஸ்டெப்னி இருக்கும் பள்ளத்தையும் விடாதீர்கள். ஈரம் இருந்தால் துடைத்து உலர்த்துவதோடு நிறுத்தாமல், எங்கே ஒழுகுகிறது என்று கண்டுபிடியுங்கள்.

கல் தெறித்துப் பெயிண்ட் உரிந்த இடத்தை அன்றன்றே கவனித்தால் டச்சப் பெயிண்டோடு முடிந்துவிடும். துரு ஏறிவிட்டதா? பளிச்சென்று இரும்பு தெரியும்வரை உப்புத்தாளால் தேயுங்கள். சுற்றியுள்ள பெயிண்டின் ஓரம் படியாக நிற்காமல், விரல் வைத்தால் தடுக்காத அளவுக்குச் சரிய வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, எபாக்சி பிரைமர் என்ற அடிப்பூச்சை அடித்து, காய்ந்த பிறகு கலர். தாள் எட்டாத குழிகளுக்கு மட்டும் பாஸ்பாரிக் அமிலம் கலந்த, துருவைக் கெட்டிப் படலமாக மாற்றும் ரஸ்ட் கன்வெர்ட்டர் போதும். துருவின் மேலேயே பட்டி பூசி மறைக்கும் வேலையைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். பட்டி ஈரத்தை உறிஞ்சும், துரு அடியில் நிம்மதியாக வளரும்.

அடிப்பாகத்துக்கு அடிக்கும் கறுப்பு ரப்பர் கோட்டிங்கும் அப்படித்தான். நன்றாகக் கழுவி, துரு நீக்கி, முழுக்கக் காய்ந்த தகட்டில் அடித்தால் நல்லது. ஈரத்தின் மேல் அடித்தால் ஈரத்தைப் பூட்டி வைத்ததாகிவிடும். சைலன்சர், பிரேக் பாகங்கள் மேல் அது படவே கூடாது. கதவுக்குள்ளும் கதவுக்குக் கீழே கால் வைத்து ஏறும் விளிம்பின் உட்குழாயிலும் எனக்குப் பிடித்தது மெழுகு ஸ்பிரேதான். இடுக்குக்குள் ஊர்ந்து போய்ப் படியும்.

கடலோரச் சாலையிலோ, உறைபனி உருக உப்புத் தூவிய சாலையிலோ ஓட்டினால் சீக்கிரமே அடிப்பாகத்தில் நல்ல தண்ணீர் பீய்ச்சுங்கள். சக்கரத்துக்கு மேலுள்ள வளைவின் உள்மடிப்பில் உப்புச் சேறு ஒளிந்திருக்கும், விரல் விட்டு வழித்துவிடுங்கள். நனைந்த வண்டியைக் காற்றுப் புகாத உறையால் மூடுவதைவிட, உறையே இல்லாமல் காற்றாட நிறுத்துவது மேல்.