பேட்டரி மாற்றியும் தீராத 'டக்' சத்தம்

ஒத்தக்கடையிலிருந்து தினமும் திருமங்கலம் போய்வர, 2009 மாடல் சின்ன கார் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். மூன்றாவது வாரமே தொல்லை ஆரம்பித்தது. காலையில் ஒரே சாவியில் ஸ்டார்ட் ஆகும். வெயிலில் ஓட்டிவிட்டு டீ குடிக்க நிறுத்தினால், அப்புறம் 'டக்' என்ற சத்தம் மட்டும்தான்.

புது பேட்டரி போட்டேன், பலனில்லை. இன்ஜினைச் சுழற்றிவிடும் ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கழற்றி கார்பன் பிரஷ் மாற்றினோம். இரண்டு நாள் ஓடியது. மாட்டுத்தாவணி பக்கம் மறுபடி நின்றது.

நாலைந்து முறை சாவியைத் திருப்பிவிட்டு பானட்டைத் திறந்தபோது கிளட்ச் கேபிளில் கை பட்டது. சுரீரென்று சுட்டது. இன்ஜின் சூடுதான் என்று விட்டிருப்பேன். ஆனால் பக்கத்திலேயே இருந்த ஆக்சிலேட்டர் கேபிள் சுடவில்லை! இன்ஜினை பேட்டரி நெகட்டிவோடு இணைக்கும் எர்த் வயர் வழியாகத் திரும்ப வேண்டிய ஸ்டார்ட்டர் கரண்ட், கிளட்ச் கேபிள் வழியாகத் திரும்பிக்கொண்டிருந்தது.

மல்டிமீட்டரை பேட்டரி நெகட்டிவிலும் இன்ஜின் பிளாக்கிலும் வைத்துச் சாவியைத் திருப்பச் சொன்னேன். திரும்பும் வழியிலேயே 2.3 வோல்ட் வீணாகிறது. அது அரை வோல்ட்டைத் தாண்டக் கூடாது. கியர்பாக்ஸில் எர்த் வயர் மாட்டும் போல்ட்டைக் கழற்றினால், அடியில் பச்சையாகக் களிம்பு. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, கனமான புது வயர் மாட்டினோம். இப்போது 0.2 வோல்ட்.

ஒன்றரை மாதமாக நிம்மதி. கொளுத்தும் மதியத்திலும் ஒரே சாவிதான்.