தலைச்சன் கிடேரிக்கு எந்தக் காளை?

ராமநாதபுரம் கடலோரத்து உச்சிப்புளிப் பக்கம் எங்கள் நாட்டுச் செவலைக் கிடேரிக்கு, பால் ஆசையில் ஹோல்ஸ்டீன் என்ற பெரிய உடல்வாகுச் சீமை இனத்தின் சினை ஊசி போட்டோம். தலைச்சன் ஈத்து. குளம்பு இரண்டும் வெளியே தெரிந்தும் தலை வரவில்லை. விடியும்வரை போராடி மருத்துவர் இழுத்தெடுத்தார்; கன்று தங்கவில்லை. செவலை எழுந்து நிற்க இரண்டு நாள் ஆனது. மனசே ஆறவில்லை.

அடுத்து அதன் உடல்வாகுக்கு ஏற்ற நாட்டுப் பொலிகாளையைத் தேடினேன். திமிலின் அழகை மட்டும் பார்க்கவில்லை. நடையில் நொண்டல் இல்லை, விதை இரண்டும் ஒரே அளவு. செவலைக்கு ரத்த உறவில்லை என்றும் விசாரித்துக்கொண்டேன். அப்புறம் காளையின் தாயைப் போய்ப் பார்த்தேன். மடி, காம்பு, குணம் எல்லாம் அங்கேதான் தெரியும். உப்புக்காற்றும் வெயிலும் பழகிய வம்சம்.

அந்தக் காளையோடு சேர்த்த சுமார் 280 நாளில், யாரும் கை வைக்காமலே செவலை ஈன்றது. கிடேரிக் கன்று. ஈரம் காயும் முன்பே மடியை முட்டியது.